இறுக்கிப் பிடித்தால் கால் வேகம் பெறுமா?

சிவனொளிபாத மலைக்கு முதன்முறை போய்வந்தவர்களுக்கு ஒரு விடயம் புரிவதே இல்லை. நள்ளிரவில் அடிவாரத்து ஊரான நல்லதண்ணியில் இருந்து ஏறத் தொடங்கி, 5,000க்கு மேற்பட்ட படிகளைக் கடந்து, 2,243 மீட்டர் உயரத்தில் நின்று சூரியன் எழுவதைப் பார்க்கும்போது மூச்சுத்தான் வாங்குகிறது. கால் அவ்வளவாக நோவதில்லை. இறங்கும்போது முழங்கால் இலேசாக நடுங்கும். வீட்டுக்குப் போய்க் குளித்துத் தூங்கினால் சரியாகிவிடும் என்று நினைப்பார்கள். மறுநாள் காலை லயத்து வீட்டு வாசற்படியில் கால் வைத்து இறங்கும்போதுதான் தொடை இரண்டும் கல்லாகிக் கிடப்பது தெரியும். அதற்கடுத்த நாள் இன்னும் மோசம். சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டாகப் படி இறங்குகிறவரைக் கண்டால், "என்ன, சிவனொளிபாதத்துக்குப் போய்வந்தாயா?" என்றுதான் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கேட்பார்கள்.

ஓட்டக்காரர்கள் அணியும் அழுத்த ஆடைகளைப் பற்றி யார் கேட்டாலும் நான் இந்த வலியில் இருந்துதான் பேசத் தொடங்குவேன். கடைகளில் 'கொம்ப்ரஷன்' என்று சொல்லி விற்கிறார்களே, முழங்கால் வரை நீளும் சொக்ஸ், கெண்டைக்காலை மட்டும் கவ்வும் உறை, தொடையோடு ஒட்டிக் கிடக்கும் நீளக் காற்சட்டை, அவற்றைத்தான் சொல்கிறேன். அவற்றால் நன்மை உண்டென்றால் அது பெரும்பாலும் இந்த மறுநாள் வலியின் பக்கம்தான் இருக்கிறது. ஓடும்போது வேகம் கூடும் என்ற பேச்சுக்கு ஆதாரம் மிக மெலிந்தது.

என் அக்கா மகன் உயர்தரம் படிக்கிறான். 5,000 மீட்டர் ஓடுகிறான். சென்ற ஆண்டு கோட்ட மட்டத்தில் வென்று வலய மட்டத்துக்குப் போனவன், அங்கே மூன்றாவதாக வந்தான். அன்றிரவே என்னிடம் வந்து, "மாமா, முதலாவதாக வந்தவனும் இரண்டாவதாக வந்தவனும் அந்த நீளச் சொக்ஸ் போட்டிருந்தார்கள். எனக்கு மட்டும்தான் இல்லை" என்றான். அக்கா அடுப்பங்கரையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள், ஒன்றும் பேசவில்லை. தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு விழும் சம்பளத்தைப் 'பேர்' என்கிறோம். ஒரு பேர் 1,350 ரூபாயாக இருந்த நேரம் அது. அவன் காட்டிய சொக்ஸ் ஒரு சோடிக்கு நான்கு பேர் போட வேண்டும். அவளுடைய அந்த மௌனத்துக்காகத்தான் இந்த விடயத்தை நான் கவனமாகப் படித்தேன்.

இந்த ஆடை விளையாட்டுத் திடலுக்கு வைத்தியசாலையில் இருந்து வந்தது. ஜேர்மனியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய கொன்ராட் ஜோப்ஸ்ட் என்ற பொறியியலாளருக்குக் காலில் இரத்த நாளம் சுருண்டு புடைக்கும் நோய் இருந்தது. வெரிகோஸ் என்கிறார்கள் வைத்தியர்கள். நீச்சல் தடாகத்தில் நின்றுகொண்டிருக்கும்போது வலி தணிவதை அவர் கவனித்தார். தண்ணீரின் அழுத்தம் ஆழத்தோடு கூடுகிறது. பாதத்தில் அதிகம், மேலே வர வரக் குறைவு. அதே ஏற்றத்தாழ்வைத் துணிக்குள் கொண்டுவர முடியுமா என்று யோசித்தார். கணுக்காலில் இறுக்கமாகவும் முழங்காலுக்குக் கீழே சற்றுத் தளர்வாகவும் நெய்த காலுறைகள் 1950களில் அப்படித்தான் வந்தன.

இந்த அழுத்தத்தை அளக்கும் அலகு, இரத்த அழுத்தத்தை அளக்கும் அதே மில்லிமீட்டர் பாதரசம். தண்ணீரில் ஒவ்வொரு 10 சென்ரிமீட்டர் ஆழத்துக்கும் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் கூடுகிறது. ஆகவே தோட்டத்து ஓடையில் முழங்காலளவு தண்ணீரில் நிற்கிறவரின் பாதத்தை 30க்கு மேற்பட்ட அழுத்தம் சுற்றி நின்று பிடிக்கிறது. வைத்தியர்கள் பலருக்கு எழுதிக் கொடுக்கும் காலுறையின் அழுத்தம் 20க்கும் 30க்கும் இடையில் இருக்கும். மாலையில் கால் உளைந்து வருகிறவர்கள் ஓடையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு "கால் இலேசாகிவிட்டது" என்று சொல்வதில் தண்ணீரின் குளிரோடு இந்த அழுத்தத்துக்கும் பங்கு உண்டு.

சரி, அழுத்தம் என்ன செய்கிறது? நாம் அசையாமல் நிற்கும்போது இதயத்தில் இருந்து கணுக்கால் வரையிலான இரத்தத் தூணின் எடை முழுவதும் கணுக்கால் நாளங்களின் மேல் நிற்கிறது. அங்கே அழுத்தம் ஏறத்தாழ 90 மில்லிமீட்டர். நடக்கத் தொடங்கியதும் அது மளமளவென்று இறங்கி 30 அளவுக்கு வந்துவிடும். காரணம் கெண்டைக்கால் சதை. அது ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் உள்ளே கிடக்கும் நாளங்களைப் பிழிந்து இரத்தத்தை மேலே அனுப்புகிறது. அனுப்பிய இரத்தம் திரும்பிக் கீழே வராமல் நாளத்துக்குள் இருக்கும் வால்வுகள் தடுக்கின்றன. பீலியடியில் ஈரத் துணியை முறுக்கிப் பிழிகிற கையைப் பார்த்திருப்பீர்கள். அந்த வேலையைத்தான் கெண்டைக்கால் ஓயாமல் செய்கிறது.

ஓடுகிறவரின் ஒவ்வொரு காலும் இந்தப் பிழிதலை நிமிடத்துக்கு 80, 90 தடவை செய்கிறது. நோயில்லாத பதினேழு வயதுப் பையனுக்கு நாளமும் சரி, வால்வும் சரி, சதையும் சரி. முழு வேகத்தில் ஓடும் பம்புக்கு வெளியில் இருந்து மெல்லிய துணி ஒன்று கூடுதலாக என்ன கொடுத்துவிட முடியும்? நிற்கிறவருக்கும் உட்கார்ந்திருப்பவருக்கும் பெரிதாக உதவும் காலுறை, ஓடுகிறவருக்கு அதே அளவில் உதவாமல் போவதற்கு விளக்கம் இங்கேதான் இருக்கிறது. தேயிலைத் தொழிற்சாலையில் இரவு முழுவதும் நின்று வேலை செய்கிறவர்களின் காலுக்குத்தான் இந்த உறை அதிகம் தேவை என்று நான் எப்போதும் சொல்வேன். அவர்களுக்கு யாரும் அதை விளம்பரம் செய்வதில்லை.

ஓட்டக்காரர்களை வைத்துச் செய்த ஆய்வுகளும் இதைத்தான் காட்டுகின்றன. எங்கல், ஹொல்ம்பேர்க், ஸ்பேர்லிஹ் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2016இல் அதுவரை வெளிவந்த 32 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். ஓடி முடிக்கும் நேரத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. இதயத் துடிப்பில் இல்லை. உடல் எடுக்கும் ஒட்சிசனில் இல்லை. சதை கடுமையாக உழைக்கும்போது இரத்தத்தில் சேரும் லக்டேற் என்ற பொருளிலும் இல்லை. களைத்து நிற்கும் வரை ஓடும் நேரத்திலும், ஓட்டம் எவ்வளவு கடினமாகத் தோன்றுகிறது என்ற உணர்விலும் சிறிய நன்மை தெரிந்தது. ஓடி முடித்த பின் வரும் சதை நோவிலோ வித்தியாசம் பெரிதாக இருந்தது.

சதை அதிர்வது குறையும் என்று ஒரு வாதம் உண்டு. பாதம் தரையில் மோதும் ஒவ்வொரு தடவையும் தொடைச் சதையும் கெண்டைச் சதையும் குலுங்குகின்றன. அந்தக் குலுக்கலே களைப்புக்குக் காரணம். இறுக்கிப் பிடித்தால் குலுக்கல் குறையும், களைப்பும் குறையும் என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தார்கள். ஓட்டக்காரர்களை உருளும் பட்டியில் 30 நிமிடம் ஓடவைத்தார்கள், ஒரு நாள் இறுக்கமான நீளக் காற்சட்டையோடு, இன்னொரு நாள் அது இல்லாமல். குலுக்கல் உண்மையிலேயே குறைந்தது. களைப்போ அப்படியே இருந்தது. ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் கால் பலத்தையும் குதிக்கும் உயரத்தையும் அளந்தபோது இரண்டு நாளுக்கும் வித்தியாசம் இல்லை. அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது விளையாட்டு ஆடை விற்கும் நைக் நிறுவனம். தனக்குச் சாதகமில்லாத முடிவும் வெளியே வந்தது நல்ல செய்தி.

பிறகு எப்படி இந்தச் சொக்ஸ் இவ்வளவு பரவியது? முழங்கால் வரை நீண்ட காலுறையோடு ஓடியவர்களில் உலகம் நன்கறிந்தவர் பிரித்தானியாவின் பாலா ராட்கிளிஃப். 2003இல் லண்டன் மரதனில் 2 மணி 15 நிமிடம் 25 செக்கனில் ஓடிய அவருடைய பெண்கள் உலக சாதனை 2019 வரை நின்றது. அப்படிப்பட்ட ஒருவரின் காலைப் பார்க்கிறவர்கள் காலுறையையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். எங்கள் வலய மட்டத்திலும் அதுதான் நடந்தது. நீளச் சொக்ஸ் போட்ட இருவர் முன்னால் வந்தார்கள் என்பது உண்மை. அந்த இருவரும் நகரப் பாடசாலைப் பிள்ளைகள். அவர்களுக்குப் பயிற்றுநர் இருக்கிறார். ஓடிப் பழகச் சமதரையான மைதானம் இருக்கிறது. கால் அளவுக்குச் சரியான சப்பாத்து இருக்கிறது. காலையில் முட்டையும் பாலும் இருக்கின்றன. சொக்ஸ் அந்த வசதிகளோடு சேர்ந்து வந்த ஒன்று. அவர்களை முன்னால் கொண்டுவந்தது அது என்று எங்கள் பிள்ளைகள் நம்பிவிட்டால், இல்லாதவன் ஓடத் தொடங்கும் முன்னரே மனதளவில் தோற்றுவிடுவான். அதுதான் எனக்குப் பெரிய கவலை.

இனி அந்த மறுநாள் வலிக்கு வருகிறேன்.

பலரும் இதை லக்டிக் அமிலம், அதாவது முன்னே சொன்ன லக்டேற், தேங்கியதால் வரும் வலி என்று நினைக்கிறார்கள். பயிற்றுநர்கள் சிலரும் அப்படிச் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஓட்டத்தில் சேரும் லக்டேற் ஒரு மணித்தியால அளவில் இரத்தத்தில் இருந்து இறங்கிவிடும். 24 மணித்தியாலத்துக்குப் பின் தொடங்கி 48, 72 மணித்தியாலத்தில் உச்சத்துக்குப் போகும் வலிக்கு அது காரணமாக இருக்க முடியாது. சதை இழைகளில் நுண்ணிய சேதம் ஏற்படுவதால் வரும் நோவாக இருக்கலாம் என்று தியடோர் ஹஃப் என்பவர் 1902இலேயே எழுதிவிட்டார்.

அந்தச் சேதத்தில் பெரும்பங்கு இறக்கத்தில்தான் நடக்கிறது. படி ஏறும்போது தொடைச் சதை சுருங்கிக்கொண்டே வேலை செய்கிறது. இறங்கும்போது உடல் எடை கீழே இழுக்க, விழாமல் தடுப்பதற்காகச் சதை இறுகிப் பிடிக்கிறது. ஆனால் முழங்கால் மடிவதால் அதே நேரத்தில் நீளவும் செய்கிறது. இறுகிக்கொண்டே நீளுவது சதைக்கு மிகவும் கடினமான வேலை. அதே எடையைக் குறைந்த எண்ணிக்கையிலான இழைகள் தாங்குவதால் ஒவ்வோர் இழைக்கும் சுமை கூடி, சில இழைகள் உள்ளுக்குள் கிழிகின்றன. பழுதுபார்க்க உடல் ஆட்களை அனுப்புகிறது. வீக்கம் வருகிறது, நோவு வருகிறது. ஏறும்போது மூச்சுக்கு வேலை அதிகம் என்பதால் களைப்பு அப்போது தெரிகிறது; சேதம் இறக்கத்தில் சத்தமில்லாமல் நடந்து முடிந்துவிடுகிறது. தலவாக்கலையிலோ மஸ்கெலியாவிலோ ஓடிப் பழகும் பிள்ளைக்குச் சமதரை எங்கே இருக்கிறது? தோட்டத்தின் மேல் பகுதியான மேல் டிவிசனுக்கு ஏறினால் இறங்கித்தானே ஆக வேண்டும். ஆகவே கொழும்பில் ஓடுகிறவரைவிட எங்கள் பிள்ளைகளுக்கு இந்த நோவு நெருக்கமானது.

அழுத்த ஆடை இங்கே கொஞ்சம் கைகொடுக்கிறது. வீங்குவதற்கு இடம் குறைவதாலும், தேங்கிய நீர் விரைவாக வடிவதாலும் என்று விளக்குகிறார்கள். 12 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வந்த மதிப்பீடு ஒன்று, கடும் பயிற்சிக்குப் பின் இதை அணிந்தவர்களுக்கு நோவு குறைவாகவும் பலம் திரும்புவது சற்று விரைவாகவும் இருந்தது என்று சொன்னது. அடுத்த ஆண்டு வெளிவந்த இன்னோர் ஆய்வில் 33 பேர் மரதன் ஓடியபின் 48 மணித்தியாலம் காலுறை அணிந்தார்கள். பாதிப் பேருக்குச் சரியான அழுத்தக் காலுறை, மீதிப் பேருக்கு அதே போலத் தோன்றும் அழுத்தமில்லாத உறை. இரண்டு வாரத்துக்குப் பின் களைக்கும் வரை ஓடவிட்டபோது முதல் கூட்டம் தாக்குப்பிடித்த நேரம் மரதனுக்கு முன்பைவிட 2.6 வீதம் கூடியிருந்தது. மற்றக் கூட்டத்துக்கு 3.4 வீதம் குறைந்திருந்தது.

இதைப் படித்ததும் நானும் கடைக்குப் போகலாமா என்று நினைத்தேன். ஆனால் 2022இல் ஜப்பானின் தொஹோகு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 19 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, பயிற்சியால் இழந்த சதைப் பலம் இந்த ஆடையால் விரைவாகத் திரும்புகிறது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஆக, பலம் திரும்புவது பற்றி ஆய்வுகளே ஒன்றோடொன்று முரண்படுகின்றன. நோவு குறைவதாகப் பலர் உணர்கிறார்கள் என்பதில் ஓரளவு ஒற்றுமை இருக்கிறது.

அந்த 'உணர்கிறார்கள்' என்ற சொல்லில்தான் சிக்கல். மருந்தைச் சோதிக்கும்போது ஒருவருக்கு உண்மையான மாத்திரையையும் மற்றவருக்குச் சர்க்கரை மாத்திரையையும் கொடுத்துவிடலாம்; யாருக்கும் தெரியாது. காலை இறுக்கிப் பிடிக்கும் உறையை அப்படி ஒளிக்க முடியுமா? போட்டவருக்குப் போட்டது தெரியும். நல்லது நடக்கும் என்று நம்புகிறவருக்கு நோவு குறைவாகத் தெரிவது பொய்யில்லை. வலி என்பதே மனமும் சேர்ந்து உண்டாக்குவதுதான். எங்கள் பாட்டி, கால் உளைந்தால் பழஞ்சேலையைக் கிழித்துக் கெண்டைக்காலில் சுற்றிக் கட்டிக்கொண்டு படுப்பாள். காலையில் சுகம் என்பாள். அந்தச் சுகத்தில் துணிக்கு எவ்வளவு, நம்பிக்கைக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. பிரிக்க வேண்டிய அவசியமும் அவளுக்கு இருக்கவில்லை. நான்கு பேர் கூலியைக் கொடுத்து வாங்கும்போது அந்தக் கேள்வி அவசியமாகிறது.

பணம் இருப்பவர் வாங்குவதில் தவறில்லை. ஆனால் அளவு சரியாக இருக்க வேண்டும். ஒரே இழுவிசையில் இருக்கும் துணி மெல்லிய காலில் அதிகமாகவும் பருத்த காலில் குறைவாகவும் அழுத்தும். இது பௌதிக விதி. மெல்லிய கணுக்காலில் அழுத்தம் கூடுவதும் இதனால்தான். ஆகவே 'நடுத்தர அளவு' என்று பெட்டியில் போட்டிருக்கும் ஒரே சொக்ஸ் இரண்டு பேருக்கு இரண்டு விதமாக வேலை செய்யும். கணுக்காலின் சுற்றளவையும் கெண்டையின் பருத்த இடத்துச் சுற்றளவையும் நூலால் அளந்துகொண்டு போவது நல்லது. எத்தனை மில்லிமீட்டர் பாதரசம் என்று எழுதாத பெட்டியை நான் வாங்கமாட்டேன். முழங்காலுக்குக் கீழே விளிம்பு சுருண்டு கயிறு போல இறுகினால் இரத்தம் மேலே போவதற்குப் பதிலாகத் தடைப்படும். விரல் மரத்தாலோ நிறம் மாறினாலோ உடனே கழற்றிவிட வேண்டும். நீரிழிவால் காலில் உணர்வு குறைந்தவர்களும், காலுக்குப் போகும் இரத்தக் குழாய் அடைப்பு உள்ளவர்களும் வைத்தியரைக் கேட்காமல் அணியவே கூடாது. நம் வீடுகளில் தாத்தாக்களும் அம்மாயிகளும் பிள்ளைகளின் சொக்ஸை எடுத்துப் போட்டுக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

நுவரெலியாவில் ஜனவரி விடியலில் புல்லின் மேல் பனி உறைந்து கிடக்கும் நாட்களும் உண்டு. அப்போது ஓடுகிறவருக்கு இந்த நீள உறை தரும் சூடு உண்மையான உதவி. அந்தச் சூட்டைச் சாதாரண நீளக் காற்சட்டையும் தரும். நெருக்கமாக நெய்த உறை ஒற்றையடிப் பாதையில் முள்ளையும் அட்டையையும் ஓரளவு தடுக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்றும் மனதில் உறுத்துகிறது. உலகச் சந்தைக்குப் போகும் விளையாட்டு ஆடைகளில் கணிசமானவை இலங்கையில் தைக்கப்படுகின்றன. 1978இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் திறந்ததில் இருந்து கார்மெண்ட்ஸ் வேலைக்கென்று மலையை விட்டு இறங்கிய பெண் பிள்ளைகள் எத்தனையோ பேர். எங்கள் லயத்திலேயே மூன்று பேர். ஒரு நாளில் எத்தனை இறுக்கக் காற்சட்டைகள் அவர்களின் கையைக் கடந்து போகின்றன! அவர்களின் தம்பி தங்கைகள் அதில் ஒன்றை விலை கேட்டுவிட்டுத் திரும்பி வருகிறார்கள்.

மறுநாள் வலிக்கு இதைவிட உறுதியான, காசில்லாத மருந்து ஒன்று இருக்கிறது. ஒரு தடவை இறக்கத்தால் நொந்த சதை, பழுதைச் சரிசெய்துகொள்ளும்போதே அடுத்த இறக்கத்துக்கும் தன்னைத் தயார்ப்படுத்திக்கொள்கிறது. இரண்டாம் தடவை அதே தூரம் இறங்கினால் நோவு மிகவும் குறைவு. ஒரே ஒரு தடவை இறங்கியதன் பாதுகாப்பு பல வாரங்களுக்கு நிற்கும் என்பது திரும்பத் திரும்பச் சோதித்து உறுதிப்பட்ட விடயம். முதல் தடவை கடுமையாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. சிறிய இறக்கமே போதும். போட்டிக்கோ யாத்திரைக்கோ சில வாரம் முன்பிருந்து இறக்கத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக வேண்டும், அவ்வளவுதான்.

சென்ற தை மாதம் குடும்பமாகச் சிவனொளிபாதத்துக்குப் போனோம். அப்போது அக்கா மகன் பரீட்சைக்காக மூன்று மாதமாக ஓடாமல் இருந்தான். மறுநாள் அவன் வாசற்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். நாற்பத்தாறு வயது அக்கா இடுப்பில் படங்கைக் கட்டி, கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு ஆறரை மணிக்கு, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போய்விட்டாள். இருபத்தெட்டு வருடமாக நிறைமலையில் ஏறி, கொழுந்துக் கூடையின் பாரத்தோடு இறங்கிய கால் அது. "அம்மாவுக்கு நோகவே இல்லையா, மாமா?" என்று அவன் கேட்டான். அவளையே கேட்கச் சொன்னேன். "எதற்கு நோக வேண்டும்?" என்று மாலையில் அவள் திருப்பிக் கேட்டாளாம்.

சொக்ஸுக்கென்று சேர்த்த பணத்தோடு நானும் கொஞ்சம் போட்டு அவனுக்குச் சப்பாத்து வாங்கினோம். பழைய சப்பாத்தின் அடி, குதிகால் பக்கம் காகிதம் போலத் தேய்ந்திருந்தது. இப்போது செவ்வாயும் வெள்ளியும் பாடசாலை விட்டதும் மேல் டிவிசன் வரை நடந்து ஏறி, அங்கிருந்து தொழிற்சாலை வரை ஓடி இறங்குகிறான். முதல் வாரம் நொந்தது. மூன்றாம் வாரம் கேட்டபோது, படியில் நேராகவே இறங்கிக் காட்டினான்.